பாம்பு விஷமும் புளிச்ச பாலும்

போன மாசம் ஊருக்குப் போனப்போ, அப்பாவோட பிபி மாத்திரை அட்டை பாதி அப்படியே கிடந்துச்சு. "ஏம்ப்பா போடல?"ன்னு கேட்டேன். "தினமும் ரெண்டு டம்ளர் மோர் குடிக்கிறேன்ல. புளிச்ச பால்ல பிபி குறையும்னு வாட்ஸப்ல வந்துச்சு"ன்னார். பொய்னு நிரூபிக்கத்தான் தேட ஆரம்பிச்சேன். ஆனா அது முழுப் பொய் இல்ல.

கதை பிரேசில்ல ஆரம்பிக்குது. ஜராராக்கான்னு ஒரு விரியன் பாம்பு. அது கடிச்சா பிபி சரசரன்னு இறங்கும். 1965-ல செர்ஜியோ ஃபெரைரா, அந்த விஷத்துல இருக்கற ஒரு பொருள் பிராடிகைனினோட வேலையைக் கூட்டுதுன்னு காட்டினார். பிராடிகைனின் ரத்தக் குழாயை விரிக்கிற ஒண்ணு. விஷத்துல இருந்தது பெப்டைடுகள், அதாவது புரதத்தோட சின்னத் துண்டுகள்.

நம்ம உடம்புல ஏசிஇ-ன்னு ஒரு நொதி இருக்கு. குழாயைச் சுருக்குற ஆஞ்சியோடென்சின் 2-ஐ அது உருவாக்கும். விரிக்கிற பிராடிகைனினை உடைக்கும். விஷப் பெப்டைடு இந்த நொதியைத் தடுத்துடும். அதுல ஒண்ணுதான் டெப்ரோடைடு, 9 அமினோ அமிலம் கோத்த சரம். நல்லா வேலை செஞ்சது, ஆனா ஊசியாத்தான் போட முடிஞ்சது. ஸ்க்விப் நிறுவனத்தோட குஷ்மனும் ஒண்டெட்டியும் அதே வேலையைச் செய்யற சின்ன மூலக்கூறை உருவாக்கினாங்க. அதுதான் கேப்டோப்ரில் மாத்திரை. 1981-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது.

இப்போ ஜப்பானுக்கு வருவோம். மங்கோலியப் பக்கம் புளிச்ச பால் குடிச்சுப் பழகின மிஷிமா கைய்யூன், 1919-ல கல்பிஸ்னு ஒரு பானத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தார். பல வருஷம் கழிச்சு, 1995-ல அந்த நிறுவனத்தோட ஆராய்ச்சியாளர்கள் புளிச்ச பால்ல இருந்து ஏசிஇ-யைத் தடுக்கற ரெண்டு பெப்டைடைப் பிரிச்சு எடுத்தாங்க. லாக்டோபேசில்லஸ் ஹெல்வெடிகஸ்ங்கற பாக்டீரியா பால் புரதத்தை உடைக்கும்போது வர்ற துண்டுகள் அவை. ஒவ்வொண்ணுலயும் மூணே அமினோ அமிலம். ஒண்ணு ஐசோலூசின், புரோலின், புரோலின். டெப்ரோடைடோட கடைசி மூணும் இதே வரிசைதான்! விஷத்துல இருந்த வால் பால்லயும் இருந்திருக்கு.

1996-ல பிபி உள்ள 30 முதியவர்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. தினமும் 95 மில்லி புளிச்ச பால், 8 வாரம். குடிச்சவங்களுக்கு மேல் அளவு சுமார் 14 குறைஞ்சது. ஆனா பெரும்பாலானவங்க ஏற்கெனவே மாத்திரை போட்டுட்டு இருந்தவங்க. பால் மாத்திரைக்குப் பதிலா வரல, கூட வந்துச்சு. வாட்ஸப்ல இந்த வரியைத்தான் விட்டுட்டாங்க. பிறகு ஐரோப்பாவுல நடந்த ஆய்வுகள்ல பலன் ரொம்பச் சின்னதாத்தான் வந்துச்சு. 2012-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தப் பெப்டைடுகளால பிபி சீரா இருக்கும்ங்கறது நிரூபணம் ஆகலன்னு சொல்லிடுச்சு.

நம்ம வீட்டு மோர்ல எந்த பாக்டீரியா, எவ்வளவு பெப்டைடுன்னு யாரும் அளக்கறதில்ல. போதாக்குறைக்கு, அப்பா அதுல ஒரு கை உப்பு வேற போடுவார்!

இதெல்லாம் சொன்னப்போ அப்பா ஒண்ணுதான் கேட்டார்: "அப்போ மாத்திரையோட கதையே பாம்புல இருந்துதானா?" அடுத்த நாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இப்போ மாத்திரையும் உண்டு, உப்பில்லாத மோரும் உண்டு. உங்க வீட்லயும் ஒருதடவை அந்த அட்டையை எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.