சத்திரசிகிச்சைக்குப் பின்வந்த சாவு

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், பொஸ்டன் நகர மருத்துவமனையொன்றில் ஈதர் மயக்கத்திலிருந்த நோயாளி ஒருவரின் கழுத்துக்கட்டி அறுக்கப்பட்டது. சத்திரசிகிச்சையின் வரலாற்றைப் பெருமிதத்துடன் எழுதுவோர் பலர் இங்கிருந்தே தொடங்குவர். வலி ஒழிந்தது உண்மையே. ஆயின், அறுவையைத் தாங்கிய நோயாளி அதன்பின் வந்த சீழுக்கும் காய்ச்சலுக்கும் இரையாவது ஒழியவில்லை.

புண் சீழ்கொள்வது ஆறுதலின் இயல்பான ஒரு படி என்றே அக்காலத்தவர் கருதினர். கெட்டியான வெண்சீழ் 'நற்சீழ்' எனவும் போற்றப்பட்டது. இரத்தம் நஞ்சேறினாலோ தசை அழுகினாலோ, விடுதியின் கெட்ட காற்றின்மீது பழி சுமத்தப்பட்டது. இரத்தம் தோய்ந்து விறைத்த பழைய மேலங்கியுடன் ஒரு நோயாளியிடமிருந்து மற்றவரிடம் சென்ற வைத்தியரின் கையை ஐயுற்றோர் மிகச் சிலரே.

1847இல் குளோரோபோமைப் புகுத்திய எடின்பரோப் பேராசிரியர் ஜேம்ஸ் சிம்சன், 1869இல் ஒரு கணக்கை வெளியிட்டார். பெரிய மருத்துவமனைகளில் அவயவம் துண்டிக்கப்பட்ட 2,089 பேரில் 855 பேர் இறந்தனர். நாட்டுப்புறத்தில், பெரும்பாலும் வீடுகளிலேயே, துண்டிக்கப்பட்ட 2,098 பேரில் இறந்தோர் 226 பேரே. குணப்படுத்தும் இடமே கொல்லும் இடமாயிற்று என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. அவர் கண்ட தீர்வோ, பெருமனைகளை விடுத்துச் சிறுமனைகள் அமைப்பதாகும்.

கிளாஸ்கோவிலிருந்த ஜோசப் லிஸ்டர் வேறு வழியிற் சிந்தித்தார். அழுகலுக்குக் காரணம் நுண்ணுயிர்களே என்ற பாஸ்டரின் ஆய்வை அவர் அறிந்திருந்தார். கார்லைல் நகரில் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கக் காபோலிக் அமிலம் பயன்பட்டதையும் படித்திருந்தார். 1865 ஓகஸ்ட்டில், வண்டிச் சில்லேறிக் காலெலும்பு முறிந்து தோலும் கிழிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணில் அவ்வமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். இத்தகைய முறிவுக்குக் காலைத் துண்டிப்பதே அன்றைய வழக்கம். சிறுவன் காலுடன் வீடு திரும்பினான்.

லிஸ்டரை வன்மையாக எதிர்த்தவர்களுள் சிம்சனும் ஒருவர் என்பது வியப்புக்குரியது. பிரான்சில் லெமேர் என்பவர் அவ்வமிலத்தை முன்னரே பயன்படுத்தினார் என அவர் சாடினார். அது பொய்யன்று, எனினும் லிஸ்டர் உரிமை கோரியது மருந்துக்கன்று, முறைக்கே. சிம்சன் நோயின் இருப்பிடத்தைச் சரியாகக் கண்டார், அது பரவும் வழியைக் காணவில்லை என்பதே எமது கருத்து.

லிஸ்டரின் முதற் கட்டுரைகள் 1867இல் வெளிவந்தன. அதே ஆண்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் கிறீனின் 'இரண வைத்தியம்' வெளிவந்தது. ஆங்கில மூலத்தைத் தழுவிய அந்நூலின் மூலம் லிஸ்டரின் முறைக்கு முற்பட்டதாகும்.

1870இல் லிஸ்டர் தம் கணக்கை வெளியிட்டார்: புதுமுறைக்கு முன் துண்டிக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர், பின்னர் 40 பேரில் 6 பேர். தொகை சிறிதென ஐயுற்றோர் பலர். சிம்சன் அவ்வாண்டு மே மாதம் காலமானார்.