அமெரிக்காவில் பல் சுகாதாரப் படிப்பு: கல்லூரியைத் தேர்வதற்கான அளவைகள்

1. பொருள் வரையறை

பற்காரை நீக்குதல், ஈறுகளை அளந்து பதிவுசெய்தல், எக்ஸ்ரே எடுத்தல், ஃபுளூரைடு பூசுதல், வீட்டில் பல் பேணும் முறையைக் கற்பித்தல் ஆகியவை டென்டல் ஹைஜீனிஸ்டின் பணிகள். நோயை உறுதிசெய்வதும் சிகிச்சையை வகுப்பதும் பல் மருத்துவர் பொறுப்பு. அமெரிக்காவில் இப்பணிக்கான கல்லூரிப் படிப்பை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. தோற்றம்

கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரப் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், 1906இல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்கு இவ்வேலையைப் பழக்கினார். 1913இல் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்குத் தேறிய பெண்கள் பலர் நகரப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று குழந்தைகளின் பற்களைப் பேணினர். நோய் வருமுன் காக்கத் தனிப் பணியாளர் வேண்டும் என்ற அவரது எண்ணம் சரியானது. இன்றைய பாடத்திட்டத்தின் அடித்தளமும் அதுவே.

3. அங்கீகாரம்

முதலில் பார்க்கவேண்டியது, ‘கோடா’ எனப்படும் பல் கல்வி அங்கீகார ஆணையத்தின் ஏற்பு. அது இல்லாத படிப்பை முடித்தவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கிடைக்காது. தேசிய எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, பல மாநிலங்களில் சட்டத் தேர்வு என உரிமத்துக்கு முந்தைய படிகள் பெரும்பாலும் இந்த ஏற்பையே சார்ந்தவை. அலபாமாவில் பல் மருத்துவரிடம் வேலை பார்த்துக்கொண்டே பயிலும் தனிவழி ஒன்று உண்டு. ஆனால் அவ்வழியில் பெற்ற உரிமத்தோடு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்பவர் இடர்ப்படுவார். கணவன் அல்லது மனைவியின் வேலைக்காக ஊர் மாறக்கூடிய குடும்பங்கள் இதை முன்கூட்டியே எண்ண வேண்டும்.

4. பயிற்சிக்கூடம்

அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளுக்குள் வேறுபாட்டைக் காட்டுவது பயிற்சிக்கூடமே. கட்டணத்தையும் பட்டத்தின் பெயரையும்விட இதற்கே கூடுதல் எடை தர வேண்டும் என்பது என் துணிபு.

மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார் மாணவி. ஒன்று முதல் மூன்று வரை இயல்பு. அதற்கு மேற்பட்டு இரத்தமும் கசிந்தால் ஈறுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈறுக்கடியில் ஒட்டிய காரை கண்ணுக்குத் தெரியாது. கருவியின் நுனி சொரசொரப்பில் தட்டுவதை விரல்தான் உணர வேண்டும். ஆசிரியர் அதே இடத்தில் மறுபடி தொட்டு, விட்டுப்போனதைக் காட்டுவார். இந்த விரலறிவு பொம்மைத் தலையில் தொடங்கலாம், ஆனால் நோயாளியின் வாயில்தான் முதிரும். ஆகவே விரிவுரைகள் இணையவழியில் நடந்தாலும் பயிற்சிக்கு நேரில் போயே ஆகவேண்டும்.

கல்லூரியிடம் கேட்கவேண்டியவை இதிலிருந்தே பிறக்கின்றன. நோயாளிகளைக் கல்லூரி தருமா, மாணவரே தேட வேண்டுமா? பல இடங்களில் மாணவர்தான் தேடுகிறார். கடுங்காரை உள்ளவர், முதியவர், சர்க்கரை நோயாளி, குழந்தை என எல்லா வகையினரும் வருகிறார்களா? ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் எத்தனை மாணவரை மேற்பார்க்கிறார்? சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், முதல் முயற்சியிலேயே எத்தனை பேர் உரிமத் தேர்வில் தேறினார்கள்? இவற்றுக்கு எண்ணாகப் பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

5. காலமும் செலவும்

உரிமத்துக்கு அசோசியேட் எனப்படும் இரண்டாண்டுப் பட்டம் போதும். கற்பித்தல், பொதுச் சுகாதாரத் துறைகளை நாடுவோருக்கு இளங்கலை உதவும். அதை வேலையில் இருந்துகொண்டே பின்னர் முடிக்கலாம். சமுதாயக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, இடத்துக்குப் போட்டி அதிகம். ‘இரண்டாண்டுப் படிப்பு’ என்றாலும் உடற்கூறியல், நுண்ணுயிரியல், வேதியியல் போன்ற முன்பாடங்களையும் சேர்த்தால் மூன்றாண்டு ஆகிவிடும். கருவிப்பெட்டி, தேர்வுக் கட்டணம் ஆகியவை தனிச் செலவு.

6. இந்தியப் பல் மருத்துவர்கள்

பி.டி.எஸ். முடித்து அமெரிக்காவில் குடியேறிய நம் பெண்கள் பலர் இத்துறையை நோக்குகின்றனர். வெளிநாட்டுப் பல் மருத்துவப் பட்டதாரிகள் ஹைஜீனிஸ்ட் உரிமத் தேர்வு எழுத ஃபுளோரிடா சட்டம் வழி தருகிறது. எல்லா மாநிலங்களிலும் இவ்வழி இல்லை. எனவே இவர்கள் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கும் முன், தாம் வாழும் மாநிலத்தின் பல் மருத்துவ வாரிய விதிகளைப் படிக்க வேண்டும். அதற்கு முன் யாருக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.