தென்னைக்கு வந்த வெள்ளை ஈ

மறைமலை நகர்ப் பக்கம் ஆலைகளுக்கு நடுவே இன்னும் தென்னை நிற்கிறது. உங்க மரத்தில் ஓலை கறுத்திருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. வெள்ளைச் சுருள் இருந்தால் அது சுருள் வெள்ளை ஈ. கறுப்பு, அது கழிக்கும் தேன்போன்ற திரவத்தில் வளரும் பூசணம்.

இது இரண்டாவதாக வந்த ஈ. முதல் ஈ 1993-ல் கேரளத்து மரவள்ளியில் தென்பட்டது. அதன் எதிரியான என்கார்சியா என்கிற பொடிக் குளவியும் யாரும் கொண்டுவராமலே வந்து, லட்சத்தீவின் மினிக்காயில் காணப்பட்டது. ஈயின் இளம்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்லும்.

2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் இறங்கியது அந்த ஈயின் பங்காளி. 2004-ல் மத்திய அமெரிக்காவின் பெலிசில் பெயரிடப்பட்டது. பயந்துபோய் மருந்தடித்தால் குளவியும் சேர்ந்து சாகும். அடிக்காமல் விட்ட தோப்புகளில் பழைய குளவியே புது ஈயையும் பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்டால், மருந்துக் கடைக்குப் போகவே வேண்டாம்.

குளவி இருக்கிற தோப்பில் ஈயின் கூட்டில் வட்டத் துளை தெரியும். அங்கிருந்து ஓலைத் துண்டுகளை வாங்கிவந்து உங்க மரத்தில் செருகுங்க. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளையும் கட்டலாம். கறுப்புக்கு, லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சி, ஆறியதும் ஓலை மேல் தெளிங்க. காய்ந்து உரியும்போது பூசணமும் உதிர்ந்துவிடும்.