புனேயில் மனைவி மீதான வன்முறை: சமூக மனப்பான்மை

கணவன் மனைவியை அடிப்பதைச் சமூகம் எப்போது நியாயம் என்கிறது, எப்போது குற்றம் என்கிறது என்ற கேள்வியில் மகாராஷ்டிரத்தின் புனே நகருக்கு நீண்ட வரலாறு உண்டு. 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் இது. பெண்ணிடம் மட்டும் ஒழுக்கத்தை எதிர்பார்க்கும் ஆண்களை நேருக்கு நேர் கேள்வி கேட்ட தாராபாய் ஷிண்டேயின் 'ஸ்த்ரீ புருஷ துலனா' 1882இல் இங்கேதான் அச்சானது. ஆனால், பெண்ணின் பாலுறவுச் சம்மத வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திலகர் கடுமையாக எதிர்த்ததும் இதே ஊரிலிருந்துதான். வீட்டுக்குள் நடப்பதில் வெளியார் தலையிடக் கூடாது என்ற வாதத்துக்கு இன்றும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.

மனப்பான்மையை அளக்க இந்தியாவில் பெரிதும் பயன்படுவது தேசிய குடும்ப நல ஆய்வு. சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ குழந்தைகளையோ கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, உறவுக்கு மறுப்பது, சமையல் சரியில்லாதது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது என ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றுக்காகக் கணவன் அடிக்கலாமா என்று அது கேட்கிறது. 2019–21 சுற்றில் நாடு முழுவதும் ஒரு காரணத்துக்காவது 'அடிக்கலாம்' என்றவர்கள் பெண்களில் 45 விழுக்காடு, ஆண்களில் 44. அதிகம் பேர் ஏற்ற காரணம் மாமனார் மாமியாரை மதிக்காதது. பெண்களே இப்படிச் சொல்வதை அறியாமை என்று ஒதுக்குவது பெரிய தவறு. அம்மாவும் அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் எதற்கெல்லாம் அடிவாங்கினார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் தரும் பதில் அது.

அதே சுற்றில், மணமான 18–49 வயதுப் பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் மகாராஷ்டிரத்தில் 25.2 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லிப் பழகிய நாம் இதை அயலூர்க் கதையாகப் படிக்க முடியாது. உடல், பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 77 விழுக்காட்டினர் யாரிடமும் சொல்லவுமில்லை, உதவி கேட்கவுமில்லை.

புனேயில் இந்த மௌனம் பெரிய அளவில் உடைந்தது 1982இல். அந்த ஆண்டு ஜூனில், மணமாகிச் சில மாதங்களே ஆன இளம்பெண் ஒருவர் புகுந்த வீட்டில் நஞ்சுண்ட நிலையில் இறந்தார். கீழ் நீதிமன்றம் கணவருக்கு மரண தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 1984 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சகோதரிக்கும் தோழிக்கும் அந்தப் பெண் எழுதிய கடிதங்கள் வழக்கில் அலசப்பட்டன. அது தற்கொலையாக இருக்கவும் கூடும் என்றது நீதிமன்றம். சூழ்நிலைச் சாட்சியம் குறித்து அத்தீர்ப்பு வகுத்த ஐந்து நெறிகளை வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கொலையா தற்கொலையா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. ஒரு பெண் அந்த நிலைக்கு வரும்வரை சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது ஊரின் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது, பத்திரிகையாளர் வித்யா பாள் (1937–2020) முன்னின்று உருவாக்கிய நாரி சமதா மஞ்ச். இறந்த பெண்ணின் பெயரைத் தாங்கிய 'மீ ஏக் மஞ்ஜுஸ்ரீ' (நான் ஒரு மஞ்ஜுஸ்ரீ) என்ற கண்காட்சியுடன் அந்த அமைப்பு மகாராஷ்டிரத்தின் பல ஊர்களுக்கும் போனது. அங்கங்கே பெண்கள் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். அவர்கள் பேச 'போல்தே வ்ஹா' மையமும், பின்னாளில் ஆண்கள் பேச 'புருஷ் சம்வாத் கேந்திரா'வும் ஏற்பட்டன. 1989இல் வித்யா பாள் தொடங்கிய 'மிளூன் சார்யாஜணி' இதழ் இந்த விவாதத்தை வீடுகளுக்குள் கொண்டுபோனது. கிராமப்புறத்தில், புரந்தர் வட்டத்தில் 1987 முதல் மாசூம் என்ற அமைப்பு இதே பணியைச் செய்துவருகிறது.

ஆராய்ச்சியாளர்களும் இதே ஊரில் அடிப்படையான ஒரு குறையைச் சரிசெய்தார்கள். வெளிநாட்டில் உருவான வன்முறை அளவுகோல்கள் பெரும்பாலும் கணவனை மட்டுமே கணக்கில் எடுப்பவை. இங்கே கை நீட்டுவது கணவன் என்றாலும் தூண்டுவது மாமியாராகவோ நாத்தனாராகவோ இருக்கலாம். பிறந்த வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பதும் செலவுக்குக் காசு தராததும் காயமே இல்லாத கொடுமைகள். புனேயின் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் இணைந்து, புனேப் பெண்களின் அனுபவத்திலிருந்து கட்டுப்பாடு, மன வன்முறை, உடல் வன்முறை, பாலியல் வன்முறை ஆகிய நான்கையும் அளக்கும் இந்தியக் குடும்ப வன்முறை, கட்டுப்பாட்டு அளவுகோலை உருவாக்கி 2016இல் வெளியிட்டன. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 498ஏ பிரிவு கணவனோடு அவன் உறவினரையும் குற்றத்துக்குப் பொறுப்பாக்கியது. ஆய்வு அந்த இடத்துக்கு வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்த அளவுகோல் ஆய்வின் தொடர்ச்சியாக வந்த 'க்யா பராரி ஏகத்ர' பயிற்சி, குடிசைப் பகுதிகளில் புதிதாக மணமான தம்பதியரை ஒன்றாக உட்கார வைக்கிறது. சண்டை வந்தால் எப்படிப் பேசுவது, படுக்கையில் சம்மதம் என்றால் என்ன, அடிப்பது ஏன் வழக்கமாகிப்போனது என்பவற்றை அதே பகுதியைச் சேர்ந்த பயிற்றுநர்கள் பேசுகிறார்கள். திருமணத்துக்கும் முன்பே தொடங்க நினைப்பது ஈக்வல் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன். புனேயின் ஏழைக் குடியிருப்புகளில் 13 முதல் 17 வயதுவரையுள்ள பையன்களோடு அது வேலை செய்கிறது.