வாங்குறது ஒருத்தர், மூட்டை கட்டுறது இன்னொருத்தர்

போன மாசம் ஆபீஸ்ல ஒரு மெயில் வந்துச்சு. தலைப்பே "மகிழ்ச்சியான செய்தி". நாங்க டிக்கெட் போட வச்சிருந்த ஒரு சின்ன மென்பொருளோட கம்பெனியை வேற ஒரு பெரிய கம்பெனி வாங்கிடுச்சாம். நாலாவது பாராவுல, போற போக்குல சொல்ற மாதிரி, இன்னும் பத்து மாசத்துல பழசை நிறுத்திடுவோம், எல்லாரும் புதுசுக்கு வந்துடுங்கன்னு ஒரு வரி. மகிழ்ச்சி யாருக்குன்னு மட்டும் எழுதலை. ஆறு வருஷ டிக்கெட்டையெல்லாம் இடம் மாத்துற ஆணி எனக்கு வந்து சேர்ந்துச்சு.

அந்தக் கடுப்புல உட்கார்ந்து எழுதுறேன். ஆனா சொல்லப்போறது அந்தக் கம்பெனி கதை இல்லை. எனக்குச் சோறு போடுற பீப்பிள்சாஃப்ட் கதை.

தெரியாதவங்களுக்கு: ஒரு பெரிய நிறுவனத்துல ஆளெடுக்குறது, லீவு, சம்பளம், கணக்கு வழக்கு எல்லாத்தையும் பார்த்துக்கற மென்பொருள் இது. 1987-ல டேவ் டஃபீல்டு, கென் மோரிஸ்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியாவில ஆரம்பிச்சாங்க. பல்கலைக்கழகம், மாநில அரசு, வங்கின்னு வாடிக்கையாளர்கள் எல்லாம் கனமான ஆளுங்க.

நான் ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்த அதே ஜூன் மாசம், 2003. டென்வர்ல இருந்த ஜே.டி.எட்வர்ட்ஸ் கம்பெனியை 170 கோடி டாலருக்கு வாங்கப் போறதா பீப்பிள்சாஃப்ட் அறிவிச்சது. நாலே நாள்ல, ஜூன் 6-ம் தேதி, அந்த பீப்பிள்சாஃப்டையே 510 கோடி டாலருக்கு வாங்குறேன்னு ஆரக்கிள் வந்து நின்னது. நிர்வாகம் முடியாதுன்னாலும் விடாம, நேரா பங்குதாரர்கள்கிட்ட போய் விலை பேசுற வகை. சின்ன மீனை முழுங்கப் போன மீனைப் பெரிய மீன் பிடிச்ச கதை.

இதுல வயித்துல புளியைக் கரைச்ச விஷயம் விலை இல்லை. பீப்பிள்சாஃப்டைப் புது ஆளுங்களுக்கு முனைஞ்சு விக்க மாட்டோம், இருக்கிறவங்க காலப்போக்குல எங்க ஈ-பிசினஸ் சூட்டுக்கு வந்துடலாம்னு ஆரக்கிள் சொன்னது பாருங்க, அதுதான். பீப்பிள்சாஃப்ட் தலைவர் கிரெய்க் கான்வே, உங்க நாயை விலைக்குக் கேட்டு வாங்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் சுடுற மாதிரி இருக்குன்னாரு. பதிலுக்கு லாரி எல்லிசன், கையில ஒரே ஒரு குண்டு இருந்து, கான்வேயும் அவர் நாயும் பக்கத்துல பக்கத்துல நின்னா, அந்தக் குண்டு நாய்க்கு இல்லைன்னு சொன்னாரு. ஆயிரம் கோடி டாலர் பேரத்துல பெரிய மனுஷங்க பேசின பேச்சு இது :-)

வெளியில இருந்து பார்த்தா, ஒரு மென்பொருளை விட்டு இன்னொண்ணுக்குப் போறதுல என்ன கஷ்டம்னு தோணும். ஒரு சம்பளக் கணக்கை எடுத்துக்கோங்க. தொழிற்சங்கத்துக்குத் தொழிற்சங்கம் ஓவர்டைம் விதி வேற. நைட் ஷிஃப்ட் படி வேற. 1990-கள்ல போட்ட ஒப்பந்தத்துல யாரோ பேசி வாங்கின ஒரு சலுகை இன்னும் ஓடிட்டு இருக்கும். இதெல்லாம் எங்கயும் எழுதி வச்சிருக்காது. பீப்பிள்கோடு நிரல்லயும், எஸ்.க்யூ.ஆர். அறிக்கைகள்லயும், யாரோ எழுதிட்டு ஓய்வு பெற்றுப்போன வரிகளுக்குள்ள இருக்கும். மாறணும்னா முதல்ல அதையெல்லாம் தோண்டி எடுக்கணும். ஒரு வரி விட்டுப்போனா மாசக்கடைசியில ஒரு பஸ் டிரைவருக்குச் சம்பளம் குறையும். நான் தினமும் தோண்டுறவன், அதனால சொல்றேன்.

அப்ப கனெக்டிகட் மாநில அரசு இருந்த நிலைமையை நினைச்சுப் பாருங்க. பழைய சிஸ்டத்தையெல்லாம் தூக்கிட்டு, கிட்டத்தட்ட 10 கோடி டாலர் செலவுல கோர்-சிடின்னு ஒரு பெரிய வேலை ஆரம்பிச்சு, பீப்பிள்சாஃப்டைப் போட்டுட்டு இருந்தாங்க. முதல் பகுதி ஓட ஆரம்பிக்கறதுக்குச் சில வாரம் முன்னாடி இந்த அறிவிப்பு. அதாவது பால் காய்ச்சப் போற வீட்டுக்கு இடிக்கிற நோட்டீஸ். மாநிலத்தோட அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் புளூமென்தால் அதே ஜூன் மாசம் ஆரக்கிள் மேல வழக்கே போட்டாரு.

பீப்பிள்சாஃப்டும் ஒரு தந்திரம் பண்ணுச்சு. யாராவது எங்களை வாங்கி, உங்களுக்குத் தர்ற ஆதரவைக் குறைச்சா, நீங்க கட்டின லைசென்ஸ் காசுல ரெண்டுலேர்ந்து அஞ்சு மடங்கு வரை திருப்பித் தரணும்னு வாடிக்கையாளர் ஒப்பந்தத்துலயே எழுதிக் கொடுத்தாங்க. வாங்க வர்றவன் தலையில விழற மாதிரி வச்ச பாறாங்கல் அது. போகப்போக அதோட கனம் 200 கோடி டாலரைத் தாண்டுச்சு. வாடிக்கையாளர் நலம்னு பேரு வச்சாலும், அதுல பாதி சொந்த நாற்காலியைக் காப்பாத்துற வேலைன்னுதான் எனக்குப் படுது. ஆனாலும் அப்படி ஒரு காகிதம் என் மெயில்ல வந்த கம்பெனிகிட்ட நாங்க வாங்கலையே!

2004 பிப்ரவரியில அமெரிக்க நீதித்துறையும் வழக்குப் போட்டது. கனெக்டிகட் உட்பட 10 மாநிலங்கள் கூடச் சேர்ந்தாங்க. வாடிக்கையாளர்கள் கூண்டுல ஏறி, எங்களுக்குப் பெரிய அளவுல இருக்கிறது ஆரக்கிள், எஸ்.ஏ.பி., பீப்பிள்சாஃப்ட்னு மூணே கடைதான், ஒண்ணை மூடாதீங்கன்னாங்க. நீதிபதி வான் வாக்கர் செப்டம்பர்ல தீர்ப்பு சொன்னாரு: உங்க விருப்பம் புரியுது, விலை ஏறினா என்ன செய்வீங்கங்கறதுக்குக் கணக்கைக் காணோமேன்னு தள்ளிவிட்டாரு. இடம் மாறுற வலியைக் கணக்காக் காட்ட முடியாதவன் கோர்ட்ல தோத்துப்போவான்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. எங்க டேமேஜர் எஸ்டிமேட் கேக்கும்போதும் இதே கதிதான்.

அப்புறம் மளமளன்னு நடந்தது. அக்டோபர் 1-ல கான்வே பதவி போச்சு, டஃபீல்டு திரும்ப வந்தாரு. டிசம்பர் 13-ல 1,030 கோடி டாலருக்குக் கைமாறுச்சு. 2005 ஜனவரியில சுமார் 5,000 பேருக்கு வேலை போச்சு. டஃபீல்டு தன் சொந்தக் காசு 1 கோடி டாலரை அவங்களுக்காக ஒதுக்கினாரு.

இப்ப எல்லாரும் மூட்டை கட்டியிருக்கணும் இல்லையா? இங்கதான் கதை திரும்புது. மென்பொருள் விக்கிறவனோட பெரிய வருமானம் புதுசா விக்கிறதுல இல்லை, வருஷா வருஷம் வர்ற பராமரிப்புக் கட்டணத்துல இருக்கு. ஆரக்கிள்ல அது லைசென்ஸ் விலையில 22 சதவீதம். அஞ்சு வருஷம் கட்டினா முழு விலையை இன்னொரு தடவை கொடுத்த மாதிரி. அந்தக் காசு கட்டுற ஆளுங்களைத்தான் 1,030 கோடிக்கு வாங்கியிருக்கு. அவங்களை விரட்டினா எங்க போவாங்க? எதிர்க்கடையில எஸ்.ஏ.பி. தள்ளுபடியோட காத்திருந்தது. 2005 ஜனவரியிலேயே, பழைய பீப்பிள்சாஃப்ட் ஆளுங்க நடத்தின டுமாரோநவ் கம்பெனியை வாங்கி, பாதி விலைக்கு ஆதரவு தர்றோம்னு கூப்பிட்டாங்க. (வாடிக்கையாளர் கடவுச்சொல்லை வச்சு ஆரக்கிள் தளத்துலேர்ந்து அள்ளி அள்ளி இறக்கி மாட்டிக்கிட்டது தனிக்கதை. 2007-ல வழக்கு, 2010-ல 130 கோடி டாலர் தீர்ப்பு, கடைசியில 2014-ல 35 கோடிச் சொச்சத்துல முடிஞ்சது.)

அதனால ஆரக்கிள் படிப்படியா இறங்கி வந்தது. முதல்ல 2013 வரை ஆதரவுன்னாங்க, அதுக்குள்ள ஃப்யூஷன்னு எல்லாத்தையும் சேர்த்துப் புதுசு செஞ்சு தர்றோம்னாங்க. 2006-ல, யாரும் மாற வேண்டாம், எல்லாமே தொடரும்னு அறிவிச்சாங்க. ஃப்யூஷன் வெளிவரவே 2011 ஆச்சு. ஆதரவு முடியறதா இருந்த அந்த 2013-ல பீப்பிள்சாஃப்ட் 9.2 புத்தம்புதுசா வந்து இறங்குச்சு. இப்ப ஆதரவுத் தேதி 2035-ஐத் தாண்டிப் போயிட்டு இருக்கு. கோர்-சிடியும் பல வருஷம் அதுலயே ஓடுச்சு.

பயந்து முதல்லயே ஓடினவங்க ஒரு வேலையை ரெண்டு தடவை செஞ்சாங்க. இருந்தவங்க ஜெயிச்சாங்கன்னும் சொல்லிட முடியாது, வருஷா வருஷம் கப்பம் கட்டிட்டுத்தானே இருந்தாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, டஃபீல்டு 2005-லயே அனில் பூஸ்ரியோட சேர்ந்து வொர்க்டே ஆரம்பிச்சாரு. மிரட்டினப்ப நகராத பல பழைய வாடிக்கையாளர்கள் பிற்பாடு அவங்களாவே கிளம்பி அங்க போனாங்க.

எங்க கிளையண்ட் அமெரிக்காவுல ஒரு நகராட்சி. அவங்களும் இப்ப மாறலாமான்னு யோசிக்கிறாங்க. போன வாரம் கால்ல சம்பளப் பிரிவு அம்மா ஒருத்தங்க, இருபது வருஷமா அதே நாற்காலியில இருக்கவங்க, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: தீயணைப்புக்காரங்களோட லீவு நாள் கூலி விதி புதுசுலயும் வருமா? பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். அந்த விதி 1998-ல யாரோ எழுதின எஸ்.க்யூ.ஆர். நிரல் ஒண்ணுல இருக்கு. இன்னும் முழுசா படிச்சு முடிக்கலை.