ஹெலன் வில்ஸின் விலகல்: ஒரு மறுவாசிப்பு

1933 ஆகஸ்ட் 26. ஃபாரஸ்ட் ஹில்ஸில் அமெரிக்க மகளிர் ஒற்றையர் இறுதிப் போட்டி. ஹெலன் ஜேக்கப்ஸ் 8-6, 3-6, 3-0 என்று முன்னிலையில் இருந்தபோது, ஹெலன் வில்ஸ் மூடி நடுவரிடம் சென்று இனி ஆட முடியாது என்று சொல்லி வெளியேறினார். முதுகிலும் இடுப்பிலும் வலி, வலது கால் மரத்துவிட்டது என்பது அவர் தந்த காரணம். தோல்வியை முழுமையாக ஏற்க மனமில்லாமல் நழுவினார் என்பதுதான் டென்னிஸ் வரலாற்றெழுத்தில் வேரூன்றிய விளக்கம். கிடைக்கும் சான்றுகள் அதைத் தாங்கவில்லை.

அவ்விளக்கம் பெரிதும் சாய்ந்து நிற்பது ஒரே ஒரு செய்தியின் மீது. அன்றே எலிசபெத் ரயனுடன் இரட்டையர் இறுதியிலும் ஆட வில்ஸ் விரும்பினார், உடனிருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள் என்பது அது. இரட்டையர் ஆடத் துணிந்தவருக்கு முதுகுவலி எப்படி உண்மையாக இருக்கும் என்று கேட்கிறார்கள்.

செய்தியை மெய்யென்றே வைத்துக்கொள்வோம். அது தெரிவிப்பது அவருடைய விருப்பத்தை மட்டுமே. உடல்நிலையைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இரட்டையரில் பாதி ஆடுகளத்தை இணை வீராங்கனை பார்த்துக்கொள்வார். தவிர, அங்கே விலகினால் ரயனின் பட்ட வாய்ப்பும் சேர்ந்தே போகும். வலியோடு இருப்பவரும் ஆட நினைக்க இதுவே போதிய காரணம். நடந்ததோ வேறு: இறுதி ஆட்டம் ஆடப்படவேயில்லை. பெட்டி நட்டால், ஃப்ரெடா ஜேம்ஸ் இணைக்கு வாக்கோவர் தரப்பட்டது. நடக்காத ஓர் ஆட்டத்தைக் கொண்டு நடந்த ஆட்டத்தின் காயத்தை மறுப்பது விந்தையான முறையியல்.

முன்னும் பின்னும் பார்த்தால் படம் தெளிகிறது. அதே மாதம் அதே ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த வைட்மன் கோப்பையில் முதுகுவலி காரணமாக வில்ஸ் ஆடவில்லை. அரையிறுதியில் நட்டாலிடம் முதல் செட்டை இழந்த பிறகே மீண்டார். ஜூலையில் விம்பிள்டன் இறுதியில் டோரதி ரவுண்டிடம் இழந்த செட்டையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது மிகையாகிவிடும். அதற்கு ரவுண்டின் திறமையே போதிய காரணம். ஆனால் 1934-இல் விம்பிள்டன் பட்டத்தைத் தக்கவைக்கக்கூட வில்ஸ் களமிறங்கவில்லை என்பதை எளிதில் ஒதுக்க முடியாது. ஒருநாள் நடிப்புக்கு அவ்வளவு பெரிய விலையை யாரும் கொடுப்பதில்லை.

1938 விம்பிள்டன் இறுதியில் காலில் அடிபட்ட ஜேக்கப்ஸ், 6-4, 6-0 எனத் தோற்கும்வரை களத்தைவிட்டு அகலவில்லை. வில்ஸும் அப்படி நின்றிருக்கலாமே என்பார்கள். நின்றிருந்தால் ஜேக்கப்ஸின் வெற்றி முழுமை பெற்றிருக்கும், உண்மைதான். ஆனால் அது பெருந்தன்மை பற்றிய கேள்வி. காயம் இருந்ததா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

மிச்சமிருப்பது குணம் பற்றிய வாதம்: தோல்வி நெருங்கினால் வில்ஸ் ஓடிவிடுவார் என்பது. 1935 விம்பிள்டன் இறுதியே அதற்கு மறுப்பு. அதே ஜேக்கப்ஸுக்கு எதிராக மூன்றாம் செட்டில் பின்தங்கி, ஒரு மேட்ச் பாயிண்டையும் தாண்டி, 6-3, 3-6, 7-5 என்று வென்றவர் அவர். ஃபாரஸ்ட் ஹில்ஸ் விலகலைக் கோழைத்தனம் என்று இனியும் எழுதுவோர், வாக்கோவரான அந்த இரட்டையர் ஆட்டத்தைவிட வலுவான சான்றைக் காட்டியாக வேண்டும்.