கல்லூரிக் கூடைப்பந்து வீரர் தொழில்முறை ஆட்டத்தில் நிலைப்பாரா? ‘கார்டு’களைத் தேர்வாளர்கள் எடைபோடும் முறை

புதுதில்லி: பல்கலைக்கழகப் போட்டிகளில் அதிகப் புள்ளிகள் குவித்த ஒருவர் தொழில்முறைத் தொடர்களிலும் ஜொலிப்பாரா என்ற கேள்வி கூடைப்பந்தில் புதியதல்ல. இந்தியாவில் மட்டும் அது நெடுங்காலம் எழாமலேயே இருந்தது. கல்லூரி ஆட்டம் முடிந்ததும் ரயில்வே, ஓஎன்ஜிசி, ராணுவம், வருமான வரித் துறை, சென்னையின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என ஏதேனும் ஓர் அணியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால் அதுவே வெற்றி எனக் கருதப்பட்டது. இந்திய தேசிய கூடைப்பந்து லீக் 2022இல் தொடங்கிய பிறகும், அதன் 25 வயதுக்குட்பட்டோருக்கான தொடர் 2025இல் தில்லி தியாகராஜ் உள்விளையாட்டரங்கில் நடைபெற்ற பிறகும், கல்லூரி மாணவரின் முன் இரண்டாவது வழி ஒன்றும் திறந்துள்ளது. எனவே அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய கட்டாயமும் வந்துள்ளது.

இந்த மதிப்பீட்டில் மிகக் கடினமானது ‘கார்டு’ எனப்படும் பின்கள வீரரைக் கணிப்பதுதான். பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துபவர் பாயிண்ட் கார்டு. தூரத்திலிருந்து எறிந்து புள்ளி சேர்ப்பவர் ஷூட்டிங் கார்டு. இன்றைய ஆட்டத்தில் இரு பணிகளுக்கும் இடையிலான கோடு மங்கிவிட்டது. சென்டர் எனப்படும் மைய வீரருக்கு உயரமே முதல் தகுதிச் சான்று. கார்டுக்கு அப்படியொரு சான்று கிடையாது.

இந்திய அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2015ஆம் ஆண்டு என்பிஏ தேர்வில் 52ஆவது இடத்தில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாபின் சத்னம் சிங், ஏழடியைத் தாண்டிய மைய வீரர். என்பிஏவின் வளர்ச்சி லீக் பக்கம் சென்ற அம்ஜ்யோத் சிங், பல்பிரீத் சிங் பிரார், பிரின்ஸ்பால் சிங் ஆகியோரும் நெடிய முன்கள வீரர்களே. அந்தப் பட்டியலில் ஒரு கார்டின் பெயரைக் காண முடியாது. 2017இல் ஆஸ்திரேலிய லீக்கை நோக்கிச் சென்ற இருவரின் நிலையும் இதையே சொல்கிறது. மைய வீரர் அம்ரித்பால் சிங் சிட்னி கிங்ஸ் அணியில் இடம்பெற்று விளையாடினார். அப்போதைய இந்திய அணித் தலைவரும் நாட்டின் தலைசிறந்த ஷூட்டிங் கார்டு என மதிக்கப்படுபவருமான விசேஷ் பிருகுவன்ஷிக்கு அடிலெய்டு 36ers அணி அளித்தது பயிற்சி வீரர் ஒப்பந்தம். பின்னர் 2020இல் அர்ஜுனா விருது பெற்ற ஒருவரின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. உயரமான வீரர் உலகெங்கும் அரிதாகக் கிடைக்கிறார். திறமையான கார்டோ ஒவ்வொரு நாட்டிலும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார். வெளிநாட்டு அணி தன் ஊர்க்காரரை விடுத்து இந்தியக் கார்டைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் வேண்டும்.

புள்ளிகள் சொல்லாத கதை

புள்ளிச் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறுவதே இத்துறையின் மிகப் பழைய பிழை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தின் இரு பெயர்களை அருகருகே வைத்தால் இது விளங்கும். டேவிட்சன் கல்லூரியின் ஸ்டீபன் கறி 2008-09 பருவத்தில் ஆட்டத்துக்கு 28.6 புள்ளிகள் எடுத்து அந்நாட்டின் கல்லூரி வீரர்களில் முதலிடம் பிடித்தார். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் ஃபிரெடெட் 2010-11இல் 28.9 புள்ளிகளுடன் அதே இடத்தைப் பிடித்தார். கறி 2009 தேர்வில் 7ஆவது இடம். ஃபிரெடெட் 2011 தேர்வில் 10ஆவது இடம். முன்னவர் 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் என்பிஏவின் மதிப்புமிக்க வீரர் ஆனார். பின்னவரால் அந்த லீக்கில் நிலைக்க முடியவில்லை. சீனாவின் ஷாங்காய் அணியில்தான் நட்சத்திரமாக உயர்ந்தார்.

எண்கள் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, வேறுபாடு எங்கே இருந்தது? கறி தன் இறுதிக் கல்லூரிப் பருவத்தில் ஷூட்டிங் கார்டு இடத்திலிருந்து பாயிண்ட் கார்டு பொறுப்புக்கு மாறி, பிறரை ஆட வைக்கவும் தன்னால் முடியும் எனக் காட்டினார். பந்து கையில் இல்லாத வேளையிலும் ஓடி ஓடி எதிரணியை இழுத்தார். ஃபிரெடெட்டின் கல்லூரி அணி முழுவதும் அவரைச் சுற்றியே அமைந்திருந்தது. தொழில்முறை அணியில் ஒரு புதியவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. தன்னைவிட வேகமான, நீளமான கார்டுகளைத் தடுக்கும் வேலையும் அவருக்குப் பெரும் சுமையாயிற்று. முடிவு தெரிந்த பின் இப்படி விளக்குவது எளிது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கறி உடல் வலுவற்றவர் என ஐயுற்றவர்களும் 2009இல் இருந்தனர்.

எனவே அனுபவமிக்க தேர்வாளர் முதலில் கேட்பது, புள்ளிகள் எப்படி வந்தன என்பதையே. எத்தனை எறிதல்களில் அந்தப் புள்ளிகள் கிடைத்தன? எதிரணி எத்தகையது? ஒரு பாஸ் புள்ளியாக மாறிய முறைகளையும் பந்தைப் பறிகொடுத்த முறைகளையும் ஒப்பிட்டால் விகிதம் என்ன? ஒரு கார்டின் பொறுப்புணர்வை இந்த விகிதம் போலக் காட்டும் எண் வேறில்லை. ஃப்ரீ த்ரோ சதவீதமும் கூர்ந்து பார்க்கப்படுகிறது. யாரும் தடுக்காத, எப்போதும் ஒரே தூரத்தில் நிகழும் எறிதல் அது. அதில் தடுமாறாத கையே நாளை நெடுந்தூர எறிதலுக்கும் பழகும் என்பது தேர்வாளர்களின் நம்பிக்கை. ஒரு பருவத்தின் மூன்று புள்ளி எறிதல் சதவீதத்தைவிட இதையே நம்புவோர் பலர்.

களமும் மாறுகிறது. அமெரிக்கக் கல்லூரியில் ஆட்டம் 40 நிமிடம், எறிவதற்கான அவகாசம் 30 நொடி. என்பிஏவில் 48 நிமிடம், 24 நொடி. கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர் தொலைவில் உள்ளது. என்பிஏவில் வளையத்துக்கு நேரெதிரே அது 7.24 மீட்டர். ஆறு நொடிகள் குறைவதால் தயக்கத்துக்கு இடமில்லை. கார்டின் மூளை வேகமே அங்கு சோதிக்கப்படுகிறது. இந்திய மாணவருக்கு இந்தச் சிக்கல் ஒன்று மட்டும் இல்லை. பல்கலைக்கழகப் போட்டியும் உள்நாட்டு லீக்கும் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகளையே பின்பற்றுவதால் கோடும் கடிகாரமும் மாறுவதில்லை.

உயரம் குறைந்தவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆறடி உயரமுள்ள ஃபிரெட் வான்ஃபிளீட்டை 2016 தேர்வில் 30 அணிகளும் கைவிட்டன. அவர் 2019இல் டொராண்டோ அணியுடன் பட்டம் வென்று, 2022இல் நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார். வில்லநோவாவுக்காக 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் இரு தேசியப் பட்டங்கள் வென்ற ஜேலன் பிரன்சன் 33ஆவது இடத்தில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்று நியூயார்க் அணி அவரை நம்பி நிற்கிறது. இருவரும் கல்லூரியில் வென்ற அணிகளை நடத்தியவர்கள், பந்தை எளிதில் இழக்காதவர்கள். தாண்டும் உயரத்தையும் கை நீளத்தையும் அளக்கும் நாடாவில் இவை பதிவாவதில்லை.

தில்லியில் இருந்து பார்க்கையில்

இந்தியத் தேர்வாளரின் சிக்கல் வேறு வகையானது. அவரிடம் எண்களே போதிய அளவில் இல்லை. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகள், மண்டல அளவிலும் பின்னர் அகில இந்திய அளவிலும் சில நாள்களில் முடிந்துவிடுகின்றன. 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் மேலும் ஒரு மேடை. ஆனாலும் அமெரிக்கக் கல்லூரி வீரர் ஒரு பருவத்தில் 30க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடும்போது, இங்குள்ளவரின் தரத்தை ஒரு வாரத்து ஆட்டங்களைக் கொண்டு தீர்மானிக்க வேண்டியுள்ளது. வலுவற்ற அணிக்கு எதிராக எடுத்த 30 புள்ளிகள் அந்த வாரத்தின் சராசரியையே திரித்துவிடும்.

இத்தகைய நிலையில் கண்ணால் பார்ப்பதே எஞ்சும் கருவி. முழுக்களத் தடுப்பில் இருவர் சூழும்போது பந்தை எங்கே அனுப்புகிறார்? இடது கையால் வளையத்தை நெருங்க முடிகிறதா? தொடர்ந்து மூன்றாவது நாள் ஆடும்போது தடுப்பாட்டத்தில் கால்கள் நகர்கின்றனவா? பயிற்சியாளர் வெளியே அமர்த்தியதும் பெஞ்சில் எப்படி இருக்கிறார்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். கல்லூரியில் 35 நிமிடம் ஆடியவர் லீக்கில் வெளிநாட்டு வீரருக்குப் பின்னால் காத்திருந்து 8 நிமிடம் மட்டும் ஆட நேரும். அந்த எட்டு நிமிடங்களில் பயன்படத் தெரிந்தவரே அடுத்த பருவத்துக்கு அழைக்கப்படுவார்.

வயதும் கணக்கில் வருகிறது. 19 வயதில் 15 புள்ளிகள் எடுப்பவரும் 23 வயதில் 20 புள்ளிகள் எடுப்பவரும் ஒன்றல்லர். முன்னவருக்கே வளர இடம் மிகுதி.

தவறான கணிப்பின் விலையை இங்கு மாணவரே செலுத்துகிறார். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவர் மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணிக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார். அந்த வேலை ஓய்வுபெறும் வயது வரை நீடிக்கும். லீக் ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கானது. லீக்கே நீடிக்குமா என்பதும் ஐயம். 2015இல் தொடங்கிய யுபிஏ லீக் சில பருவங்களிலேயே நின்றுபோனதைக் கண்ட பெற்றோர், மகனை வங்கி அணிக்கு அனுப்ப விரும்பினால் குறை சொல்ல இயலாது. பெண்களுக்கு இந்தத் தெரிவுகூட அரிது. 2019இல் பத்மஸ்ரீ பெற்ற ஷூட்டிங் கார்டு பிரசாந்தி சிங் போன்றோரின் ஆட்டக்காலம், உள்நாட்டில் நிலைத்த மகளிர் லீக் எதுவும் இல்லாமலேயே கழிந்தது.

தமிழகத்தின் நிலை சற்று ஆறுதலானது. இந்திய தேசிய லீக்கின் முதல் பருவப் பட்டத்தை சென்னை ஹீட் அணி வென்றது. இந்திய அணிக்கு அகிலன் பாரி, முயின் பெக் ஹபீஸ் போன்ற கார்டுகளைத் தந்த மாநிலம் இது. இங்குள்ள கல்லூரி மாணவருக்கு வாய்த்த பெரிய நன்மை, வங்கி, ரயில்வே அணிகளின் மூத்த வீரர்களோடு ஒரே தொடரில் மோத முடிவதுதான். இருபது வயதுக் கார்டைப் பற்றி அறிய விரும்பும் தேர்வாளர், அவர் கல்லூரிகளுக்கிடையே எடுத்த நாற்பது புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, பத்தாண்டு அனுபவமுள்ள துறை அணி வீரர் ஒருவர் அவரைத் தடுத்த மாலை ஆட்டத்தைப் போய்ப் பார்ப்பது நல்லது.